குடம் வெச்சுப் பாத்தீங்களா, மாப்ள?

கோயம்புத்தூரில் பெண் எடுப்பவனுக்கு வேறு என்ன கிடைக்கிறதோ இல்லையோ, மோட்டார் பம்ப்பைப் பற்றி எல்லாம் தெரிந்த ஓர் உறவினர் நிச்சயம் கிடைப்பார். எனக்கு மாமனாராகவே வாய்த்துவிட்டார். ஆவாரம்பாளையத்தில் 32 வருஷம் வைண்டிங் கடை வைத்திருந்தவர். இந்தியாவின் முதல் மின் மோட்டாரை 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து இந்த ஊரில்தான் செய்தார்கள் என்பதை, ஏதோ சொந்தச் சித்தப்பா செய்ததைப் போலச் சொல்லுவார். கடையை விட்டபின் கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு. மாதம் ஒரு முறை தேங்காய் மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். எங்கள் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அதில் குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் காபித் தம்ளரைத் தொடுவார்.

நான் மாயவரத்துக்காரன். காவிரி தானாகவே வாய்க்காலில் வந்து வயலுக்குள் புகுந்த ஊர். தண்ணீரை இழுத்து மேலே ஏற்ற வேண்டும் என்ற எண்ணமே எங்கள் பரம்பரைக்கு வந்ததில்லை. தொழில் ஆடிட்டர் ஆபீஸில். பிறர் கணக்கில் உள்ள பொய்யைக் கண்டுபிடிப்பது பகல் வேலை. என் வீட்டுக் கணக்கில் காருக்கு வாங்கிய இன்டர்கூலரை ‘ஏ.சி. சர்வீஸ்’ என்று எழுதுவது இரவு வேலை.

வண்டி ஒரு பழைய ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர் எஞ்சின், சிலிண்டருக்கு 5 வீதம் 20 வால்வு, டர்போ, 150 குதிரை. 2000-களின் நடுவில் நம் ஊருக்கு வந்தது. நான் வாங்கியபோது அதற்கு மூன்று முன்னாள் முதலாளிகளும் பின் பம்பரில் ஒரு சாமி ஸ்டிக்கரும் இருந்தன. மாமனார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எல்லா மாமனார்களும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“லிட்டருக்கு எத்தனைங்க குடுக்குது?”

“ரோட்டைப் பொறுத்துங்க மாமா.”

எட்டு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் பதில் இதுதான்.

கோவைக்கு வந்தவனைக் கார்ப் பித்து பிடிக்க, இந்த ஊர்த் தண்ணீரிலேயே ஏதோ இருக்கிறது. சிறுவாணிக்கு அந்தச் சுவை சும்மா வரவில்லை. கரிவர்தன் ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டியது இங்கே. செட்டிபாளையத்தில் அவர் பெயரில்தான் 2.1 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்ப் பிள்ளை. எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர்கூட என் வண்டியைக் கடக்கும்போது, “டர்போ விசில் பத்தலையே சார்” என்பார். மனிதன் எத்தனை நாள் தாங்குவான்? கொஞ்சம் பெரிய டர்போ போட்டேன். எஞ்சினின் மூளையான ஈ.சி.யு.வை ரீமேப் செய்தேன். கம்பெனி பதிந்து கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது; அதைப் பற்றி இங்கே விரிவாக எழுதாமல் இருப்பது எனக்கு நல்லது.

டர்போவின் தந்திரம் எளிமையானது. வெளியே போகும் புகை ஒரு விசிறியைச் சுழற்றும். அதே அச்சில் உள்ள இன்னொரு விசிறி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். ஓசிக் காற்று. வம்பு எங்கே என்றால், ஓசியில் வருகிற ஒவ்வொரு 14.7 கிலோ காற்றுக்கும் நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் ஒரு கிலோ வேண்டும். டர்போ முழு மூச்சில் தள்ளும்போது அதுவும் போதாது. 12 கிலோ காற்றுக்கே ஒரு கிலோ என்று தாராளமாக ஊற்ற வேண்டும். அந்த அதிகப்படிப் பெட்ரோல் எரிவதற்கு அல்ல, உள்ளே சூட்டைத் தணிப்பதற்கு. கல்யாணப் பந்தியில் மோரைப் போல. குறைத்தால் எஞ்சின் ‘லீன்’ ஆகும், சூடு ஏறும், கலவை தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். பிஸ்டன் அலுமினியம். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

என் மெக்கானிக் அண்ணன் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, சாவு வீட்டுக்கு வந்தவரைப் போலத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“இன்ஜெக்டர் 98 பர்சென்ட் போகுதுங்க சார்.”

“நூத்துக்குத் தொண்ணூத்தெட்டா? நல்ல மார்க்குதானே?”

நல்ல மார்க் இல்லையாம். எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் முறை 20 மில்லி விநாடிக்கு ஒரு தரம் வரும். இன்ஜெக்டர் என்பது திறந்து மூடும் குழாய். அந்த 20-இல் 16, 17 மில்லி விநாடி திறந்திருந்தால் சரி. 20-உம் திறந்தே இருந்தால் மூடவே நேரமில்லை. அப்புறம் அது இன்ஜெக்டர் இல்லை, தெருக்குழாய். மேற்கொண்டு பெட்ரோல் கேட்டாலும் கொடுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது. ஆகவே 80, 85 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. இந்த விதியை எங்கள் ஆபீஸில் பல பேர் இன்ஜெக்டருக்கு முன்பிருந்தே கடைப்பிடிக்கிறார்கள்.

போதாக்குறைக்கு, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். அப்படியென்றால் அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிக எரிபொருள். நான் டர்போவைத் தொடாமல் இருந்திருந்தாலும் அந்தப் பழைய இன்ஜெக்டர்களின் வேலைப் பளு கூடித்தான் இருக்கும் என்று வீட்டில் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அண்ணன் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் கணக்குப் போட்டார். 220 குதிரை வேண்டும். குதிரைக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல். ஆக மணிக்கு 60 கிலோ, கிட்டத்தட்ட 80 லிட்டர். நாலு இன்ஜெக்டருக்குப் பங்கு வைத்து, 80 சதவீத விதியையும் சேர்த்தால் நிமிஷத்துக்கு 420 சி.சி.; கடையில் கிடைப்பது 440. நான் வேறொரு கணக்கைப் போட்டேன். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். ஒரு மணி நேரம் மிதித்த கால் எடுக்காமல் ஓட்டினால் எட்டாயிரம் ரூபாய். அந்தப் பத்திரிகையை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டேன். இப்படிப்பட்ட ஆவணங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது.

இன்ஜெக்டர் மாற்றினோம். மாற்றிவிட்டதை ஈ.சி.யு.விடமும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், கரண்டி பெரிதானது தெரியாமல் பழைய எண்ணிக்கைக்கே உப்பு அள்ளிப் போடும் சமையல்காரர் கதை. இரண்டு நாள் வண்டி கறுப்புப் புகை விட்டுக்கொண்டு திரிந்தது. அண்ணன் அதையும் சரிசெய்தார். டேஷ்போர்டில் ஒரு வைட்பேண்ட் மீட்டர் வைத்தார். காற்று - பெட்ரோல் கணக்கை நொடிக்கு நொடி காட்டும் ஆடிட்டர் அது. 12-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய முள், 5,500-ஐத் தாண்டியதும் 13, 13.5 என்று ஏறியது. கால் தானாகவே வெளியே வந்துவிட்டது.

“பம்ப்பு தள்ளலைங்க சார்.”

காரின் பெட்ரோல் பம்ப், டேங்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. என் வண்டியில் பின் சீட்டைத் தூக்கினால் அதன் மூடி தெரியும். அது தள்ளும் பெட்ரோல், எஞ்சின் மேலே உள்ள ரெயில் என்ற குழாய்க்குப் போகும். அங்கே அடிப்படை அழுத்தம் 3 பார். டர்போ 1 பார் காற்றைத் தள்ளும்போது, எதிர்க்காற்றை மீறிப் பெட்ரோல் உள்ளே போக வேண்டுமே, அதனால் ரெகுலேட்டர் அதை 4 பாராக உயர்த்தும். அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தள்ளும் அளவு குறையும். எப்போது அதிகம் தேவையோ அப்போது குறைவாகக் கொடுப்பது. என் சம்பள உயர்வும் இப்படித்தான்.

மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் என்று உலகப் புகழ்பெற்ற ஒன்று இருக்கிறது. புகழின் அடையாளம், அசலைவிடப் போலி அதிகம் கிடைப்பது. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ஒருவர் கொடுத்தார். ஆடிட்டர் ஆபீஸில் பதினாலு வருஷம் போலி ரசீதுகளைப் பிடித்த நான், பம்ப் மேல் எழுத்து அழிந்து அழிந்து இருந்ததைப் பார்த்து, “கப்பல்ல வந்த சரக்கு, உரசியிருக்கும்” என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதை நானே மாட்டினேன். அங்கேதான் அடுத்த வினை. டேங்க் மூடியின் கீழே பெரிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. பெட்ரோலில் ஊறியது, ஒரு தடவை வெளியே எடுத்துவிட்டால் உப்பிக்கொண்டு பழைய பள்ளத்தில் உட்காராது. புதுசு போட வேண்டும். நான் பழையதையே அமுக்கி உட்கார வைத்து, மூடியை முறுக்கிவிட்டு, சீட்டை மூடினேன். மறுநாள் திருப்பூரில் என் மனைவியின் சித்தி மகள் கல்யாணம்.

அவிநாசி தாண்டும்போதே, “ஏங்க, பெட்ரோல் வாசம் வருதுங்களே” என்றாள், பின் சீட்டில் பட்டுப்புடவையோடு.

“பக்கத்துல லாரி போகுது.”

“அந்த லாரி நம்ம கூடவே வருதுங்களா?”

கல்யாண மண்டபத்தில் அவளைக் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டார்கள். அவள் மேடைப் பக்கமே போகவில்லை. “என் வீட்டுக்காரர் என்னை விளக்குப் பக்கம் போற நெலமையிலயா கூட்டிட்டு வந்திருக்காரு?” என்று அவள் தன் அத்தையிடம் சொன்னது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த வரிசை வரை கேட்டது. எனக்கு இரண்டாம் முறை பாயசம் யாரும் ஊற்றவில்லை. இதைச் சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, வண்டிக்குள் பெட்ரோல் வாசம் என்பது சிரிக்கிற விஷயமே இல்லை. திரும்பும்போது அவள் பஸ்ஸில் வந்தாள். நான் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, யாராவது பீடி பற்றவைக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்த மாதத் தேங்காய் மூட்டை சரியாக அந்த வாரம் வந்தது. கார்ஷெட்டில் பின் சீட்டு இல்லாத வண்டியையும் பக்கத்தில் தலையில் கை வைத்த மருமகனையும் மாமனார் பார்த்தார்.

“என்ன சாமான்ங்க இது?”

“பம்ப்புங்க மாமா. பெட்ரோல் பம்ப்பு.”

பம்ப் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் தேங்காய் மூட்டையை வெயிலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார். கையில் வாங்கிப் பார்த்தார். முகர்ந்தார். காதருகே வைத்து ஆட்டினார்.

“முங்கித்தான் ஓடுதுங்களா? அப்ப சப்மெர்சிபிளு. போர்ல தண்ணி அதைச் சூடு ஏறாம பாத்துக்கும், இதுல பெட்ரோலு. டிரையா ஓடுனா காயில் போயிரும்.” நான் மூன்று வாரம் படித்துத் தெரிந்துகொண்டது அது. “எத்தனை ஹெட்டுக்கு எத்தனை டெலிவரிங்க?”

“4 பார்ல...”

“நாப்பது மீட்டர் ஹெட்டு மாதிரி. டெலிவரி?”

“மணிக்கு 255 லிட்டர்னு போட்டிருக்குங்க.”

“போட்டது இருக்கட்டுங்க. குடம் வெச்சுப் பாத்தீங்களா, மாப்ள?”

போர் போட்ட அன்றைக்குக் குழாய்க்குக் கீழே குடத்தை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று எண்ணுவது கொங்குநாட்டு வழக்கம். கம்பெனி பலகையை அங்கே யாரும் நம்புவதில்லை. வண்டியை வாசலுக்குத் தள்ளினோம். குடத்துக்குப் பதில் லிட்டர் கோடு போட்ட பெட்ரோல் கேன். பக்கத்தில் தீயணைப்பான். கையில் போனை வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பையனை மாமனார் தெருமுனைக்கே துரத்திவிட்டார். பம்ப்பை ஓட விட்டு அரை நிமிஷம் எண்ணினோம். 255 லிட்டர் என்றால் அரை நிமிஷத்தில் இரண்டு லிட்டருக்கு மேல் வர வேண்டும். ஒன்றேகால் லிட்டர் வந்தது.

“டூப்ளிகேட்டுங்க” என்றார். அந்தச் சொல்லை ஒரு ஆடிட்டர் ஆபீஸ்காரனிடம் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். நாகரிகமான மனுஷர்.

அசல் பம்ப் வந்தது. புது ரப்பர் வளையம் வந்தது. டேங்குக்குள்ளே பெட்ரோலில் முங்கியே இருக்கத் தகுந்த தனி ஹோஸ் வந்தது. மேலே போடும் சாதாரண ஹோஸை உள்ளே போட்டால் வெளிப்பக்கம் ஊறி வெடித்துவிடும் என்று மெக்கானிக் அண்ணன் எச்சரித்திருந்தார். எல்லாம் மாட்டி ஓட்டினேன். முள் முன்னைக்குப் பரவாயில்லை. ஆனால் 6,000-இல் மறுபடியும் மெல்ல ஏறியது. எனக்கு அழுகை வந்தது. ‘ஏ.சி. சர்வீஸ்’ என்று இனிமேல் எழுத முடியாது. வீட்டுக்குப் புது ஏ.சி.யே வாங்கியிருக்கக்கூடிய தொகையைத் தாண்டிவிட்டேன்.

மாமனார் ஊருக்குப் போகவில்லை. தோப்புக்கு யாரையோ தண்ணீர் பாய்ச்சச் சொல்லிவிட்டுத் தங்கிவிட்டார். மறுநாள் காலை தன் பழைய மல்டிமீட்டரை, மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். ஊருக்கு வரும்போது வேட்டி, துண்டு, மல்டிமீட்டர் என்றுதான் அவர் பை கட்டுவார் போல. எஞ்சினை ஓட விட்டு, பேட்டரியில் வைத்துப் பார்த்தார். 13.8. பின் சீட்டுக் குழிக்குள் தலையை விட்டு, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பிளக்கில் வைத்தார். 10.9.

குழிக்குள்ளிருந்தே குரல் வந்தது. “லோ வோல்டேஜுங்க மாப்ள.”

அந்தக் குரலில் இருந்த ஆனந்தத்தை நான் என் கல்யாணத்தன்றுகூட அவரிடம் பார்த்ததில்லை.

“அஞ்சு எச்.பி. மோட்டாரை வாங்கி, ஒண்ணரை எச்.பி.க்கு இழுத்த ஒயரை அப்படியே மாட்டுனா என்னங்க ஆகும்? மோட்டாரு மேல பழி போட்டு நம்ம கடைக்குத் தூக்கிட்டு வருவாங்க. நான் 32 வருசம் பாதி மோட்டாரைப் பிரிக்கவே இல்லைங்க. ஒயரை மாத்துங்கன்னு திருப்பி அனுப்பியிருக்கேன்.”

இருபது வருஷம் பழைய வண்டி. தலைமுடி கனத்தில் ஒயர், பச்சை பிடித்த பிளக், துரு ஏறிய எர்த். பம்ப் அசல்தான், அதற்குப் போய்ச் சேர்ந்த மின்சாரத்தில்தான் மூன்று வோல்ட்டை வழியில் யாரோ தின்றிருக்கிறார்கள். மூன்று வாரமாக நான் பார்க்காத இடம். கணக்கில் பணம் காணாமல் போனால் இடைத்தரகரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று தினமும் பிறருக்குச் சொல்லுகிறவன் நான்.

மதியத்துக்குள் பேட்டரியிலிருந்து பின்னால் வரை 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் போய்விட்டது. பேட்டரி ஓரத்திலேயே ஒரு ஃபியூஸ், நடுவே ஒரு ரிலே. பழைய ஒயரை அவர் வெட்டிப் போடவில்லை. ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலைக்கு வைத்துக்கொண்டார். “இது ஸ்டார்ட்டர் மாதிரிங்க. சின்னக் கரண்ட்டு சுச்சு போடும், பெரிய கரண்ட்டு இந்தப் பக்கமா போகும். எஞ்சின் நின்னா பம்ப்பும் நிக்கோணும், அந்த ஏற்பாடு கெடக் கூடாதுங்க.” விபத்தில் வண்டி நின்றபின்னும் பம்ப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. பிளக்கில் இப்போது 13.5. என் மனைவி கதவோரம் நின்று, அப்பாவும் புருஷனும் ஒரே குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். போட்டோ எடுத்திருக்கிறாள் என்பது பிறகு குடும்ப வாட்ஸ்அப்பில் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு செட்டிபாளையம் டிராக். பக்கத்தில் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாமனார் வேட்டியை விட்டுவிட்டு, மச்சானின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டி அதன்மேல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நேர்ச்சாலையில் மிதித்தேன். வண்டி முதுகில் தள்ளியது. முள் 11.8-இல் ஆணி அடித்ததைப் போல நின்றது. 6,000. 6,500. நின்றது, நின்றது! நான் மாமனார் பக்கம் திரும்பவில்லை. அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்து நீண்ட வளைவு. பாதி வளைவில் எஞ்சின் விக்கியது. ஒரு தரம், இரண்டு தரம். முள் துள்ளி மேலே போய் இறங்கியது. பாரம் குறைவாக இருக்கட்டும் என்று நான் கால் டேங்க் பெட்ரோல்தான் வைத்திருந்தேன். வளைவில் பெட்ரோல் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப்பின் வாய் வெறும் காற்றில் நின்றிருக்கிறது. இதை நான் வீட்டுக்கு வந்து யோசித்துக் கண்டுபிடித்தேன். மாமனார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே அங்கேயே சொல்லிவிட்டார்:

“ஃபுட் வால்வு காத்து இழுக்குதுங்க.”

பிட்டில் வண்டியை நிறுத்தியதும் இறங்கி, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார், லிட்டருக்கு எத்தனை என்று கேட்காமல்.

மறுநாள் காலை 5.40-க்கு அவர் போன். என் மனைவி காபி கலக்கிக்கொண்டிருந்தாள். நான் படுக்கையிலிருந்தே கண்ணைத் திறக்காமல் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினேன்.

“மாப்ள, ராத்திரியெல்லாம் தூக்கமே வரலீங்க. கெணத்துல தண்ணி கொறஞ்சா நாம என்ன பண்றோம்? நேரா தோட்டத்துக்குப் பாய்ச்சுறதில்லீங்களே. முதல்ல ஒரு தொட்டிக்கு ஏத்தி, தொட்டியில இருந்து இன்னொரு மோட்டார் வெச்சுத்தான பாய்ச்சுறோம்? அதே மாதிரி நடுவுல ரெண்டு லிட்டர்ல ஒரு சின்னத் தொட்டி வெச்சுட்டா, கெணறு காத்து இழுத்தாலும் தொட்டி நெறைஞ்சே இருக்குங்க.”

பந்தயக்காரர்கள் சர்ஜ் டேங்க் என்று பெயர் வைத்திருக்கிற சமாச்சாரம். அவர் அதைக் கிணத்துக்கடவில் விடிய விடியப் படுத்துக்கொண்டே கண்டுபிடித்திருக்கிறார்.

“அப்ப இன்னொரு பம்ப்பு வேணுமேங்க மாமா?”

“வேணுமுங்க. பெருசா ஒண்ணு. டேங்குல இருந்து எஞ்சினுக்குப் போற பைப்பு எத்தனை எம்.எம்முங்க?”

“எட்டு.”

அந்தப் பக்கம் ‘ச்சொ’ என்று உச்சுக் கொட்டும் சத்தம்.

“பத்தாதுங்க. அதையும் மாத்திப்போடலாம், காசு நான் போட்டுக்கறேன். அம்மிணிக்கு மட்டும் இப்போதைக்குத் தெரிய வேண்டாம்.”

நான் பதில் சொல்லவில்லை. சமையலறையில் ஸ்பூன் சத்தம் நின்றிருந்தது. நான் அமுக்கிய பொத்தான் ஸ்பீக்கர்.